ஓய்வாக இருத்தல்: 4.10 முதல் 4.25 வரை

லீட்ஸ்,
ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸப்பில் நீ அனுப்பிய குரல் செய்தி கேட்டேன். நானும் குரலிலேயே பதில் சொன்னால் அத்தான் பாதியில் தூங்கிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பா கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாச்சு, தை மாதம் காலை 4.30 – 6.00 முகூர்த்தம், மற்றதெல்லாம் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருந்தாய். இதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதிகாலை நாலரையைக்கூட மனிதர் தாங்கிக்கொண்டார். "மற்றதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றதும் நாற்காலியைத் தேடினார்.

அவர் மகளுக்குப் போன சனிக்கிழமைதான் கல்யாணம். நாம் ஒதுக்கிவைக்கும் ஆடி மாதம் இங்கே முழு சீசன். வெயில் அடிக்கும் என்று நம்பிக்கை, அவ்வளவுதான். பெண்ணும் பிள்ளையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்: எங்கள் கல்யாணம் பதற்றம் இல்லாமல் ஓய்வாக நடக்கவேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் வேலிக்கு மேலாக ஒரு காகிதத்தை நீட்டினார். "நீங்களெல்லாம் பெரிய பெரிய கல்யாணம் நடத்துகிறவர்கள். பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு பக்கம், நிமிடக் கணக்கில். காலை 7.30க்கு முதல் தோழிக்குத் தலை அலங்காரம், ஆளுக்கு முக்கால் மணி. 10.05க்குப் பாட்டி. பாட்டியோடு பெண் நிற்கும் படம், மூன்று நிமிடம். இன்ன நேரத்தில் மணமக்கள் மேல் வண்ணக் காகிதத் துணுக்குகள் தூவல். மாலை 4.10 முதல் 4.25 வரை என்ன தெரியுமா? "மணமக்கள் ஓய்வாக இருத்தல்."

எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டேன். எழுபது. யாருக்குக் கோழி, யாருக்கு மீன் என்று பல வாரம் முன்பே எழுதி வாங்கியாயிற்று. நாற்காலிக்கு நாற்காலி பெயர் அட்டை. நம் ஊர் பந்தியை விளக்கினேன். முதல் பந்தி பாயசத்தில் இருக்கும்போதே இரண்டாம் பந்தி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும் என்றேன். "சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேவா?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டேதான்.

காகிதத்தை நான் ஆராய்ந்ததில், அசைக்க முடியாதது ஒரே ஒரு வரி: மதியம் 1.30, பதிவாளர். 1994இல் வந்த சட்டத்தால் உரிமம் பெற்ற ஹோட்டல், மாளிகை போன்ற இடங்களிலும் பதிவுத் திருமணம் நடத்தலாம். இரண்டு அதிகாரிகள் வருவார்கள். பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே கூப்பிட்டு விவரம் சரிபார்ப்பார்கள். பைபிள் வாசகமோ தேவாலயப் பாட்டோ கூடாது. அரை மணிக்குள் காரியம் முடிந்துவிடும். சனிக்கிழமை என்றால் அவர்களுக்கு அடுத்த கல்யாணம் வேறெங்கோ காத்திருக்கும். பெண் தாமதித்தால் சடங்கைச் சுருக்குவார்கள். ரொம்பத் தாமதித்தால் கிளம்பிவிடுவார்கள். நம் ஐயராவது "நாழியாறது" என்று நாலு தடவை குரல் கொடுப்பார்.

நமக்கு நேரம் குறிப்பவர் ஜோசியர் என்றால் இவர்களுக்குப் பார்லிமென்ட். 1886 வரை இங்கிலாந்தில் பொதுவாகக் காலை எட்டு முதல் பன்னிரண்டுக்குள்தான் கல்யாணம் முடிக்கவேண்டும். அந்த ஆண்டு மூன்று மணி வரை நீட்டினார்கள். 1934இல் ஆறு மணி வரை. எந்த நேரத்திலும் செய்துகொள்ளலாம் என்று விட்டது 2012இல்தான். அதுவரை இங்கே ராகுகாலம் சாயங்காலம் ஆறு முதல் மறுநாள் காலை எட்டு வரை!

அவரிடம் சொன்னேன்: ஒண்ணரை மணியை மட்டும் ஆணி அடித்து நிறுத்துங்கள், மற்றதைத் தளர்த்துங்கள். பெண்ணின் அலங்காரம் பன்னிரண்டரைக்குள் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள். முதல் தோழி அரை மணி தாமதித்தாலும் ஒன்றும் குடி முழுகாது. சடங்கும் விருந்தும் ஒரே இடத்தில் என்பதால் பயணக் கவலை இல்லை. குடும்பப் படங்களைப் பத்தோடு நிறுத்துங்கள். அந்தக் காகிதம் பெண்ணின் கண்ணில் படவே கூடாது. அதட்டத் தெரிந்த ஒரு அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். இதைக் கேட்டு அவர் அழகாகத் தலையாட்டினார். மறுநாள் புதுக் காகிதம் வந்தது. ஒரு பக்கம் குறைந்திருந்தது. அத்தைக்கென்று தனியாக ஒரு அட்டவணை சேர்ந்திருந்தது.

கல்யாணத்தன்று தலை அலங்காரம் தாமதம்தான். யாருக்கும் தெரியவில்லை. படம் எடுக்கும் நேரத்தில் மழை வந்தது. எல்லோரும் கையில் கிளாஸோடு உள்ளே போனார்கள். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன் என்று மூன்று பேர் பேசினார்கள். தோழன் மாப்பிள்ளையின் மானத்தை வாங்கினான். அதுவும் அட்டவணையில் உள்ளதுதான். சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும் என்பதால், எட்டு மணிக்கு மஞ்சள் வெயிலில் இன்னொரு படம் என்று போட்டிருந்தது. வெயில் வரவில்லை, போட்டோகிராபர் மட்டும் வந்தார்.

நான் மனதுக்குள் சிரித்த அந்த 4.10 இருக்கிறதே, அதை அந்தப் பெண் விட்டுக்கொடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தட்டுப் பலகாரத்தோடு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசலில் அத்தை காவல். பெற்ற அப்பாவையே உள்ளே விடவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து இரண்டு பேரும் முகம் தெளிந்து வந்தார்கள்.

அக்கா, பாப்பாவை நினைத்துப் பார். நாலரைக்கு மேடையேறினால் மொய்க் கவர் வரிசை முடிகிறவரை நிற்கவேண்டும். உன் கல்யாணத்தில் நீ முதல் காபி குடித்தபோது மணி பதினொன்று. தாலி கட்டினபிறகு, வரிசையை ஆரம்பிக்குமுன், அவர்கள் இருவருக்கும் பதினைந்து நிமிடம், நாலு இட்லி. அத்தானிடம் கேட்டுப் பார். கதவுக்கு வெளியே தாய்மாமன் நான் நிற்கிறேன். சம்பந்தி வந்தாலும் விடமாட்டேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன். வந்து சேர்வது முதல் நாள் ராத்திரி. மண்டபத்தில் கீசர் உள்ள பாத்ரூம் ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னாயே, மாலை எடுத்துக் கொடுக்கவேண்டிய தாய்மாமன் எத்தனை மணிக்குக் குளிக்கவேண்டும் என்பதை மட்டும் இப்போதே எழுதி அனுப்பு. பெரியப்பாவுக்கு முன்னால் போடு.

அன்புடன்,
தம்பி