ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் வான்வழித் தொலைவு: ஒரு நுண்ணாய்வு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் சாலைவழி சுமார் 12 கிலோமீட்டர் என்பதில் அறிஞர்களுக்குள் பூசல் இல்லை. வான்வழித் தொலைவைத்தான் இதுவரை யாரும் சீண்டவில்லை. நேர்கோட்டில் அது ஏறத்தாழ 11 கி.மீ. பூமி உருண்டையாக இருப்பதால் கூடும் நீளத்தையும் கணக்கிட்டோம். ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. ஆய்வு நேர்மை கருதி அதையும் சேர்த்துக்கொண்டோம்.

மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் இத்தொலைவை 47 விநாடியில் கடக்கும். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே நடக்கிறது. வெறும் 2.7 கி.மீ.தான். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததே அங்கே சாதனை. தொலைவு நான்கு மடங்கு இருந்தும் நாம் ஆறு விநாடி முந்துகிறோம். இரண்டு ஊரிலும் விமான நிலையமே இல்லையே என்பார்கள். அது நிர்வாகச் சிக்கல், ஆய்வுக்குத் தடையாகாது.

உண்மையான சிக்கல் உயரத்தில் இருக்கிறது. ஜெட் விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் 35,000 அடி என்பது 10.7 கி.மீ. அதாவது ஸ்ரீவியிலிருந்து ராஜபாளையம் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். அங்கிருந்து பதமாக இறங்க ஏறக்குறைய 190 கி.மீ. வேண்டும். ஆகவே ராஜபாளையத்தில் இறங்கவேண்டிய விமானம் திருச்சிக்கு மேலேயே தாழத் தொடங்க வேண்டும். ஸ்ரீவியில் கிளம்பி, திருச்சி போய், திரும்புகாலில் ராஜபாளையத்தில் இறங்கலாம். பாதி வழியில் ஸ்ரீரங்க சேவையும் ஆகிவிடும்.

திருச்சி வழியில் முன்னோடியும் உண்டு. ஆண்டாளை மணக்க ரங்கநாதரைக் கருடன் சுமந்து வந்ததாக ஐதிகம். அந்த வேகத்துக்குப் பரிசாகத்தான் மூலஸ்தானத்தில் கருடனும் ஆண்டாள், ரங்கமன்னாரோடு சரிசமமாக நிற்கிறார் என்பார்கள். விமானிக்கு இப்படியொரு மரியாதை வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நடப்பு நிலவரத்துக்கு வருவோம். இரு ஊருக்கும் பக்கத்து விமான நிலையம் மதுரைதான். எனவே ஏறும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு பூஜ்யம். பறக்கும் நேரமும் பூஜ்யம். ராஜபாளையத்துக்காரர் முறைப்படி விமானத்தில் ஸ்ரீவி போக விரும்பினால், ஸ்ரீவி வழியாகத்தான் மதுரைக்குப் போயாக வேண்டும். பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும் இறங்கிவிட்டால் ஆய்வு கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரை சேர்ந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். பறந்த நேரம் கழித்துப் பயண நேரம், போக வர நாலு மணி.

சுமை பற்றியும் ஒரு வார்த்தை. பால்கோவா திடமா, திரவமா என்பது பாதுகாப்புச் சோதனையில் தீராத வழக்காகும். சூடாகக் கிண்டி இறக்கியதென்றால் கேட்கவே வேண்டாம். ராஜபாளையம் நாய்க்கு அந்தக் கவலையில்லை. 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டபோதே அதற்கு விமானம் ஏறும் தகுதி வந்துவிட்டது.

ஸ்ரீவி பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய் ஏறப் பார்த்தால், “ராஜபாளையமெல்லாம் கீழ நில்லுங்க, வண்டி எடுக்கும்போது ஏறலாம்” என்கிறார் கண்டக்டர். அந்த நிற்பில் எத்தனையோ 47 விநாடிகள் போய்விடுகின்றன. விமானம் வருகிறவரைக்கும், பக்கத்து ஊர் டிக்கெட்டையும் முதலிலேயே ஏற்றிக்கொள்ளும்படி கண்டக்டர் அண்ணன்மார்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.