கசிபவர் யார்?

தனித்து நிற்க இயலாமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் தொடரைச் சார்பு வாக்கியம் என்பர். 'வென்', 'வைல்', 'இஃப்' முதலிய சொற்களால் தொடங்கும் சார்பு வாக்கியத்தில், செயலைச் செய்பவரைக் குறிக்கும் எழுவாயைச் சில இடங்களில் விட்டுவிட ஆங்கிலம் இசைவு தருகிறது. ஆயினும், விடப்பட்ட எழுவாயும் முதன்மை வாக்கியத்தின் எழுவாயும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது பள்ளி இலக்கணம் விதிக்கும் நிபந்தனை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லையை நெருங்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்த இசைவு முழு மனத்துடன் ஏற்கப்பட்டுவிட்டது; நிபந்தனை மட்டும் கேட் பாஸ் கிடைக்காமல் இன்னும் செக்யூரிட்டி அறையின் வாசலிலேயே நிற்கிறது.

ஓடும் இயந்திரத்தின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை உணர்த்த, 'வென் ரன்னிங், டூ நாட் ஓப்பன் தி கவர்' என்று பலகை எழுதுவதாகக் கொள்வோம். ஏவல் வாக்கியத்தின் எழுவாய் அதைப் படிப்பவரே ஆதலால், மேற்சொன்ன நிபந்தனைப்படி ஓடுபவரும் அவரே ஆகிறார்; அதாவது அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மூடியைத் திறக்கக் கூடாது, நின்ற இடத்தில் நின்றபடி, சுழலும் பல்சக்கரத்தின் மூடியைத் தாராளமாகத் திறக்கலாம். ஷிப்ட் முடிந்து சென்ட்ரல் செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவர் எவரும் வழியில் பல்சக்கர மூடியைத் திறப்பதில்லை ஆகையால், இவ்விதி மீறப்படுவதே இல்லை என்று துணிந்து கூறலாம். 'வென் ஹாட், டூ நாட் டச்' என்பதை அதே கண்டிப்புடன் கொண்டால், சித்திரை மாதத்தில் இரும்புருக்கு உலையின் அருகே நிற்பவர் எவரும் எதையும் தொட இயலாமல் உற்பத்தியே நின்றுபோகும். 'இஃப் ஃபவுண்ட் லீக்கிங், இன்ஃபார்ம் தி சூப்பர்வைசர்' என்பதோ இன்னும் நுட்பமானது: குழாயில் கசிவைக் கண்டால் சூப்பர்வைசரிடம் சொல்க என்பது எழுதியவரின் எண்ணம், படிப்பவர் தாமே கசியக் காணப்பட்டால் சொல்க என்பது வாக்கியத்தின் எண்ணம்.

சட்டம் இயற்றியவர்கள் இந்த விளையாட்டில் இறங்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்க நேரும் நிலையைச் சொல்லும் இடத்தில், இயந்திரம் இயங்கும்போது என்று எழுவாயைத் தவறாமல் எடுத்து வைத்தது. பலகையில் இடம் போதாது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. பெயின்டருக்கு உண்டு.

இப்பிழையைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதாக்கிச் சிறுமைப்படுத்துவோர் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை ஒருமுறை பார்க்கலாம். தோட்டத்தில் தான் உறங்கியபோது பாம்பு தீண்டியதாக ஊரில் சொல்லப்படுகிறது என்று அதில் வரும் அரசனின் ஆவி கூறும்போது, உறங்கியது யார் என்பதை எழுத்தில் வைக்காமையால், இலக்கணப்படி உறங்கியது பாம்பாகிவிடுகிறது. ஆவிக்கு இவ்வளவு சலுகை உண்டென்றால், இரவு ஷிப்டில் கண்விழித்திருக்கும் மெயின்டனன்ஸ் ஊழியருக்கு ஏன் இருக்கக் கூடாது என்பது நியாயமான வினா.

தமிழில் எழுவாயை விடுவது குறையன்று. 'வந்தேன்' என்னும் முற்றுவினையின் இறுதியில் நிற்கும் 'ஏன்' என்னும் விகுதியே வந்தவர் தன்மை ஒருமையினர் என்று அறிவித்துவிடுவதால், 'நான்' என்பது வெளிப்படாமல் நிற்கலாம். அதனைத் தோன்றா எழுவாய் என்பர். இதனால் தமிழில் கட்டுப்பாடே இல்லை என்று கருதிவிடலாகாது. முற்றுப்பெறாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் சொல்லாகிய வினையெச்சத்தில், 'செய்து' என்னும் வாய்பாட்டுக்கு உரிய கருத்தாவும் அது சென்று முடியும் வினையின் கருத்தாவும் ஒருவரே ஆதல் வேண்டும் என்று, ஆங்கிலப் பள்ளி இலக்கணம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியம் விதித்துவிட்டது. கை கால் போன்ற சினையின் வினை, அந்தச் சினையை உடைய முதலின் வினையோடு முடியலாம் என்று உடனே ஒரு விலக்கும் அளித்தது. கால் ஒடிந்து விழுந்தவரிடம், ஒடிந்தது காலாயிற்றே, விழுந்தது நீராயிற்றே என்று வழக்காடாத பெருந்தன்மை அது. ஆனால் 'ஓடும்போது' என்பது அந்த விதிக்குள் அடங்காது. ஓடுவது ஒன்றாகவும் திறப்பவர் வேறாகவும் இருக்கலாம். ஆகவே 'ஓடும்போது மூடியைத் திறக்காதீர்' என்பது குற்றமற்ற தமிழ், அதன் ஆங்கில வடிவமும் உள்ளே தமிழே, மேலே ஆங்கிலப் பெயின்ட் மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது.

ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று மேற்சொன்ன தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு கூறியது. தமிழரும், எல்லை தாண்டி வரும் தெலுங்கரும், ஒடிசா, பீகார், வங்கம் ஆகியவற்றிலிருந்து வந்தோரும் அருகருகே நின்று உழைக்கும் இவ்வட்டாரத்தில் அந்த மொழி எது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம்; எழுவாயை விடுவதில் வேறுபாடே இல்லை. தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும், யார் என்பது வினையிலிருந்தோ சூழலிலிருந்தோ விளங்கினால் அதைச் சொல்லாமல் விடும் மொழிகளே. இத்தனை மொழியினரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஒன்றை ஆங்கிலம் தனியாக நின்று எதிர்க்கிறது.

விடுப்பு விண்ணப்பத்தில் இந்த எதிர்ப்பு ஏறத்தாழ வலுவிழந்துவிடுகிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த தொடர், வாட்ஸ்அப்பில் 'ஆஸ் ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று இளைத்து வருகிறது. நாட்குறிப்பு எழுதும் ஆங்கிலேயர் 'நான்' என்பதை விடுவதுண்டு என்றாலும், வாக்கியத்தின் தொடக்கத்தில்தான் விடுவார், சார்பு வாக்கியத்துக்குள் விடமாட்டார். ஆகவே இது பிழை எனப்படும். ஆனால் 'ஆம்' என்னும் வினை 'ஐ' என்பதைத் தவிர வேறெந்த எழுவாயையும் ஏற்பதில்லை. விகுதியைக் கண்டே ஆளை அறியப் பழகிய தமிழர், ஆங்கிலத்தில் அவ்வாறு அறிய வாய்ப்புள்ள ஒரே சொல்லைச் சரியாகத் தேர்ந்து, அதன் முன்னே நின்ற உபரி ஆளைக் குறைத்திருக்கிறார். ஆட்குறைப்பில் தேர்ந்த நிர்வாகங்கள் பாராட்ட வேண்டிய சிக்கனம் இது. 'பீயிங் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ்' என்று எழுதுவோரின் நிலை வேறு. அங்கே காய்ச்சல் மேனேஜருக்குப் போய்விடுகிறது, லீவு மட்டும் தொழிலாளருக்கு.

சிரிப்பு நின்றுவிடும் இடம் விபத்து அறிக்கை. 'வைல் க்ளீனிங், ஃபிங்கர் காட் க்ரஷ்ட்' என்னும் வாக்கியத்தில் துடைத்தது விரல், நசுங்கியதும் விரல்; சினைவினைக்குத் தொல்காப்பியம் அளித்த விலக்கும் இங்கே உதவாது, ஏனெனில் அங்கே சினையின் வினை முதலைச் சென்று சேர்கிறது, இங்கே முதலின் வினை சினையின் தலையில் விழுகிறது. ஓடிக்கொண்டிருந்த உருளையைத் துடைக்கச் சொன்னவர் யார், சுவிட்சை நிறுத்தாதவர் யார், மூடியைக் கழற்றி வைத்தவர் யார் என்னும் மூன்று எழுவாய்களும் ஒரு சிறு வாக்கியத்துக்குள் காணாமற்போகின்றன. பலகையில் எழுவாய் விடுபட்டது இடமின்மையால். அறிக்கையில் விடுபடுவதற்கு அந்தச் சாக்கு இல்லை, தாள் முழுவதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதன் அடியில் பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டிய கோட்டுக்கு மேலே பதவிப் பெயர் அச்சிட்டிருக்கும். அதற்கு முன்னால் 'ஃபார்' என்று பேனாவால் சேர்த்து, வேறொருவர் கையெழுத்திடுவது வழக்கம்.