எப்போ காலமானார்?

எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு மலருக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். இப்படி ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அநேகமாகத் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவராக. ஓர் எழுத்தாளர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் "என்ன எழுதியிருக்கார்?" என்பார்கள். இவர் கேட்பது, "எப்போ காலமானார்?"

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதியவர் மறைந்த ஆண்டு கழிந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. ஆகவே அவருடைய டைரியில் தமிழ் இலக்கியம் இறப்பு வரிசையில்தான் இருக்கிறது. பாரதியார் நாட்டுடைமை; அதனால் தண்ணீர்த் தொட்டி கழுவிய அறிக்கைக்கு மேலேகூட பாரதியார்தான். கண்ணதாசன் 1981, 2041 முடியும்வரை கை வைக்கக் கூடாது. சுஜாதா 2008. "அது 2068 தாண்டணும். பேரன் பாத்துப்பான்." இந்த 60 முன்பு 50-ஆக இருந்தது. தாகூர் படைப்புகளின் உரிமை முடியப்போகிறதே என்றுதான் 1992-இல் நீட்டினார்கள். தாகூர் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். "அவரால பத்து வருஷம் போச்சு சார்."

வாட்ஸ்அப்பில் வந்த 'படித்ததில் பிடித்த'தை நீட்டி, "கீழே 'நன்றி: இணையம்'னு போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "நன்றி சொல்லிட்டு அடுத்த வீட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போவியாப்பா?"

செயலாளர் கெட்டிக்காரர். விமர்சனத்துக்கு மேற்கோள் காட்டச் சட்டத்தில் இடமுண்டு என்று எங்கேயோ கேட்டுவிட்டு, ஒரு சிறுகதையை முழுசாகத் தட்டச்சு செய்து, கடைசியில் 'கதை அருமை' என்று ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தார். ஆசிரியர் கதையை அடித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அச்சுக்கு அனுப்பினார்.

போன மலரில் பொன்னியின் செல்வன் ஓர் அத்தியாயம் வந்தது. கல்கி எழுத்து நாட்டுடைமை; மணியம் வரைந்த படங்கள் அப்படியில்லையே. அவர் மறைந்தது 1968-இல். 2028 முடியப் பொறுக்க வேண்டும். பி பிளாக் பையனை வரையச் சொல்லி, அவன் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வந்தியத்தேவன் பரவாயில்லை. குதிரையின் முகம் எந்தப் பக்கம் என்பதில்தான் சங்கத்தில் இன்னும் இரண்டு கட்சி.

உயிரோடு இருப்பவரிடம் நேரே கேட்டுவிடலாம் என்பது இந்த வருஷம்தான் அவருக்குத் தோன்றியது. சி பிளாக்கில் ஒரு கவிஞர் இருக்கிறார். வாசலிலேயே "தாராளமா போட்டுக்கங்க" என்றார் அவர். ஆசிரியருக்கு வாய்வார்த்தை போதுமா? எழுத்தில் கேட்டார். கவிஞர் ஒரு பக்கத்துக்கு அருமையாக எழுதிக் கொடுத்துவிட்டார். கவிதையைவிடக் கடிதம் நன்றாக இருந்தது என்பது என் கட்சி. ஆசிரியருக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். அதையும் மலரில் போடுவது என்று முடிவு செய்தார். ராத்திரி சட்டத்தைப் புரட்டியபோது சுருக்கென்றது: கடிதமும் எழுதியவருக்கே உரிமையுள்ள படைப்பு! விடிந்ததும் சி பிளாக் அழைப்புமணியை அடித்தார்.

கவிஞர் இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து சுமாராக எழுதுங்கள் என்று நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம்.