பரண் எட்டாத வீரன்

ராத்திரி பதினொன்றரை மணி. நாற்பத்தெட்டு வயது ஆசாமி ஹாலில் உட்கார்ந்து ஒரு பூச்சியைக் குதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இருக்கும் மேடு எட்டவில்லை. பரவாயில்லை. எங்கேயாவது ஓர் இறக்கை கிடைக்கும், அப்போது வந்து ஏறிக்கொள்ளலாம்.

"என்ன இது?" என்றாள் மனைவி.

"மெட்ராய்டுவேனியா."

"ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

பெயரில் நோய் வாடை அடிப்பது என் குற்றமில்லை. 1986-ல் ஜப்பானில் வந்த மெட்ராய்டு, கேஸில்வேனியா என்ற இரண்டு விளையாட்டுகளின் பெயரை ஒட்டுப்போட்டதால் வந்த வினை. என் பள்ளி நாட்களில் டிவி கேம் என்றால் மேரியோதான். வலப்பக்கமே ஓட வேண்டும். தாண்டி வந்த இடத்துக்குத் திரும்பத் திரை விடாது. மெட்ராய்டிலோ, தொடங்கியதும் இடப்பக்கம் போய் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளாவிட்டால், வலப்பக்கத்தில் ஒரு தாழ்ந்த சந்து வழிமறித்துவிடும். போன இடத்துக்கே மறுபடி போவதுதான் இந்த ரக ஆட்டத்தின் ருசி. காய்கறி வாங்கப் போய், கொத்தமல்லிக்காகத் தினமும் இரண்டாம் நடை நடக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா?

அந்தக் காலத்துப் பாணியில் கட்டங்கட்டமாகப் படம் போடுகிறார்களே, அதுவும் வசதிதான். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது.

இவற்றைச் செய்கிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரியும். டைசுகே அமாயா என்ற ஜப்பானியர் 'கேவ் ஸ்டோரி'யை ஓய்வு நேரத்தில், தனியாளாக, 5 வருஷம் உழைத்துச் செய்து 2004-ல் இலவசமாகவே கொடுத்துவிட்டார். 'அனிமல் வெல்' (2024) செய்ய பில்லி பாஸோவுக்கு 7 வருஷம். மொத்த உலகமும் 40 எம்பிக்குள் அடக்கம்; என் மாமா அனுப்பும் காலை வணக்க வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது. எங்கள் பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்ற எனக்கு இன்னும் ஓய்வு நேரம் அமையவில்லை. தனியாளாகச் செய்கிற வேலையில் அவசரம் கூடாது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது 'ஹாலோ நைட்'டில். அடிலெய்டில் ஒரு சின்னக் குழு 2017-ல் வெளியிட்டது. இதில் வரைபடம் சும்மா வராது. கார்னிஃபர் என்ற பூச்சி ஏதாவது பொந்தில் முனகிப் பாடியபடி படம் வரைந்துகொண்டிருப்பான். சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் அரைகுறைப் படம். மீதியை நாமே வரைய இறகுப் பேனா தனி. படத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய, திசைகாட்டி தனி. இரண்டையும் விற்பவள் அவன் மனைவி ஐசெல்டா. அவன் ஊர் சுற்றுவான், இவள் கடையைப் பார்த்துக்கொள்வாள். புருஷனைப் பற்றி அவள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

செத்தால் கையிலிருந்த காசு செத்த இடத்திலேயே நின்றுவிடும். மீட்பதற்குள் இன்னொரு முறை செத்தால் அவ்வளவுதான். சீட்டுப் போட்டு ஏமாந்தவனுக்கு இந்த விதி புரியத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

பூட்டிய கதவு, எட்டாத மேடு எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகமிருக்கிறது. கேஸ் புத்தகம் வைத்த இடம்தான் இல்லை.

நேற்று, "பரண்ல இருக்கிற அண்டாவைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்றாள். கை எட்டவில்லை. 'இறக்கை கிடைச்சதும் வர்றேன்' என்று நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிவிட்டு ஸ்டூலைத் தேடினேன். 12 வருஷமாகக் குடியிருக்கிற வீடு, மூன்றே அறை. மொட்டைமாடிவரை போய்த் திரும்பினேன்.

"மேப் வேணுமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பர்ஸை எடுத்துக்கிட்டு வாங்க."