உள்ளேன் ஐயா

முதலில் ஒரு பில்லைப் படித்துவிடலாம். நீதிமன்றக் கணினித் திட்டத்துக்கு 8 டாலர். கான்ஸ்டபிள்களுக்கு 60 டாலர். இன்னபிற அலுவலகச் செலவுக்கு 40 டாலர். தபால் செலவு 10 டாலர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பெர்க்ஸ் கவுண்டியில், ஏழு பிள்ளைகளின் தாய் ஒருவர் மேல் போடப்பட்ட பல வழக்குகளில் ஒன்றே ஒன்றுக்கான கணக்கு இது. அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். வழக்குமேல் வழக்காக, வருடக்கணக்கில், அபராதமும் செலவுமாகச் சேர்ந்து 2,000 டாலர் அளவுக்கு வந்து நின்றது. அந்த அம்மாவிடம் பணம் இல்லை. 2014 ஜூனில் ஒரு வாரக்கடைசியில் 48 மணி நேரச் சிறைக்குப் போனார்.

இதில் உள்ள அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லையா? சரி, அப்படியானால் தாயும் வீட்டில் இருக்க வேண்டாம். காலையில் எழுப்பி, தலை வாரி, பேருந்து வரும் இடம்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஒரே ஆளைப் பூட்டிவைத்தால், பிள்ளைக்குப் படிப்பில் திடீர் ஆர்வம் பொங்கிவிடும் என்பது கணக்கு. இந்தக் கல்வி முறையைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு தாயோடு நிறுத்தவில்லை. அந்த ஒரு கவுண்டியில் மட்டும் 2000க்குப் பிறகு 1,600க்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சிறைக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அப்பாக்கள் எங்கே என்று பதிவேடு கேட்கவில்லை.

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்தும் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பதை நம்மூர் மாவட்டம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சின்ன ஊரே ஒரு டிஸ்ட்ரிக்டாக இருக்கலாம், ஒரு மாநகரமும் இருக்கலாம். நாடு முழுக்க 13,000 சொச்சம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தேர்தலில் ஜெயித்த வாரியம் உண்டு, அதன் கீழே கொழுத்த சம்பளத்தில் ஒரு சூப்பரின்டெண்டென்ட் உண்டு. சட்டம் இவர்கள் தலையில் வைத்திருக்கும் பொறுப்புகளை வாசித்தால் கண் கலங்கும். எல்லைக்குள் இருக்கும் பள்ளி வயதுப் பிள்ளை வரவில்லையென்றால் ஏன் என்று தேட வேண்டும். நோயில் படுத்தால் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஆசிரியரை அனுப்ப வேண்டும். நியூயார்க் மாநிலத்தில், சேட்டை செய்ததற்காக சஸ்பெண்ட் செய்த பிள்ளைக்குக்கூட, கட்டாயக் கல்வி வயதில் இருந்தால், தாமதமின்றி மாற்று வழியில் பாடம் சொல்லித்தர வேண்டும். எழுதியவன் நல்லவன்தான். காசு கொடுப்பவன் எப்படி எண்ணுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் பள்ளிக்கு மாநிலம் கொடுக்கும் பணத்தின் அடிப்படை, தினசரி வருகையின் சராசரி. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதற்குக் காசில்லை, எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதற்குத்தான். தொண்ணூறுகளின் கடைசிவரை, காய்ச்சல் என்று அம்மா சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த நாளுக்கும் காசு வந்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் உண்மை, சீட்டு உண்மை, காசு மட்டும் இல்லை. ஆனால் சாதாரண வகுப்பில் ஒரு பிள்ளை நாளின் ஒரு பகுதிக்குத் தலைகாட்டினால் முழு நாளும் வந்ததாகக் கணக்கு. டெக்சாஸில் இன்னும் நேர்த்தி. நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வருகை எடுப்பார்கள், அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தால் அன்றைய வரவு சேர்ந்துவிடும். நல்ல நேரம் பார்த்து மாங்கல்யம் கட்டுவது நாம் மட்டுமல்ல.

மிச்சிகன் இன்னும் ஒரு படி மேலே போய் வருடத்தையே இரண்டு நாளாகச் சுருக்கிவிட்டது. அக்டோபர் முதல் புதன்கிழமை ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. ‘கவுண்ட் டே’ என்று பெயர். அன்று எண்ணுகிற தலைதான் பணம். அந்தப் புதன்கிழமை டெட்ராய்ட்டில் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். பீட்சா உண்டு, பரிசுக் குலுக்கல் உண்டு. வியாழக்கிழமை பீட்சாவைக் காணோம். பிள்ளையையும் காணோம். யாருக்கும் அவசரமில்லை.

நோயுற்ற பிள்ளைக்கு வருவோம். கீமோதெரபி ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமிக்கு கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்ட் ஆசிரியரை அனுப்புகிறது. அவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால் சட்டப்படி அது ஒரு முழுப் பள்ளி நாள். பிள்ளையின் உடம்பு அதற்குமேல் தாங்காது என்றால் நியாயம். தாங்கும் பிள்ளைக்கும் அதே ஒரு மணிதான் கணக்கு என்றால், அதற்குமேல் ஆசிரியரை உட்காரவைக்க எந்த டிஸ்ட்ரிக்டுக்குக் கை வரும்? நியூயார்க்கில் 2023 வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் குறைந்தபட்சம். அந்த வருடம் பத்தாக்கினார்கள், மேல்வகுப்புக்குப் பத்தைப் பதினைந்தாக்கினார்கள். இது முன்னேற்றம், மறுக்கவில்லை. வாரம் ஐந்து மணி நேரத்தில் படிப்பு முடியும் என்று அதுவரை யார் நம்பினார்கள் என்று மட்டும் தெரிந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளையை விசாரிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தண்டனை வேறு. பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளையை சஸ்பெண்ட் செய்வது. நீ பள்ளிக்கு வரவில்லை, அதனால் நீ பள்ளிக்கு வராதே. குடித்தவனைப் பிடித்துச் சாராயக் கடையில் அடைப்பது போல. பல மாநிலங்களில் இது வழக்கமாகவே நடந்தது. ஆர்கன்சா 2013இல்தான் தடை போட்டது. இந்த முட்டாள்தனத்தை நிறுத்தச் சட்டசபை கூட வேண்டியிருந்தது.

டெக்சாஸுக்குச் சட்டசபை கூட இன்னும் இரண்டு வருடம் ஆனது. 2013ஆம் ஆண்டில் மட்டும் அங்கே பள்ளிக்கு வராத குற்றத்துக்குப் பிள்ளைகள் மேல் சுமார் 1,15,000 வழக்குகள். டல்லஸ் கவுண்டியில் இதற்கென்றே தனி நீதிமன்றங்கள். அபராதம் 500 டாலர்வரை. பேருந்துக்குக் காசில்லாமல் வராத பையனுக்கு 500 டாலர் அபராதம் போடுவதற்கு அசாத்தியக் கற்பனை வேண்டும். 2015இல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கலிஃபோர்னியா எதிர்த்திசையில் நடந்தது. நாள்பட்டு மட்டம் போடும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு வருடம்வரை சிறை, 2,000 டாலர்வரை அபராதம் என்று ஒரு சட்டம் 2011இல் அங்கே அமலுக்கு வந்தது. முன்னின்று ஆதரித்தவர் அன்றைய சான் ஃபிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞர் கமலா ஹாரிஸ். அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2019இல் அதற்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தத்துக்கும் ஒரு ‘கவுண்ட் டே’ உண்டு போலிருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பான நாட்டில் வராத பிள்ளையை வந்ததாகக் காட்டியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். பட்டமளிப்பு விழா நடந்தது. சிறப்பு விருந்தினர்கள் வந்தார்கள்.

ஒஹாயோவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இணையவழிப் பள்ளி ஒன்று: எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ. பெயரிலேயே ‘நாளை’ இருக்கிறது. கட்டடம் வேண்டாம், மேஜை வேண்டாம், சாதாரணப் பள்ளியில் ஒட்டாத பிள்ளைக்கு மாற்று வழி. பொதுப் பணத்தில் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் உள்ளே போனது. நடத்தியவரின் சொந்தக் கம்பெனிகளுக்கு நிர்வாகத்துக்கும் மென்பொருளுக்கும் என்று பெரும் பங்கு போனது. 2010இல் பட்டமளிப்பு உரை ஃபுளோரிடாவின் முன்னாள் கவர்னர் ஜெப் புஷ். அடுத்த வருடம் ஒஹாயோ கவர்னர் ஜான் கேஸிக். நான்கு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற பள்ளிக்கு இத்தனை மரியாதை. கடைசியில் மாநிலத்துக்கு ஒரு நாள் சந்தேகம் வந்து, பிள்ளைகள் உண்மையிலேயே எவ்வளவு நேரம் உள்நுழைந்தார்கள் என்று பதிவைக் கேட்டது. 2015–16இல் பள்ளி காட்டிய முழுநேர மாணவர் கணக்கு 15,322. தணிக்கையில் தேறியது 6,313. மீதி ஒன்பதாயிரத்து ஒன்பது.

பிடிபட்டவன் தலை குனிவான் என்று நினைத்தால் நாம் பட்டிக்காட்டான்கள். பள்ளி நீதிமன்றத்துக்குப் போனது. 920 மணி நேரப் படிப்பை நாங்கள் வழங்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, பிள்ளை அதைப் படித்தானா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று வாதாடியது. அதாவது ஐயா, நான் 15,000 இலை போட்டேன். சோறு வைத்தேன், சாம்பாரும் ஊற்றினேன். பந்தியில் யாரும் உட்காரவில்லை என்பது என் பிரச்சினையா? இலைக்குக் காசு கொடு. இந்த வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம்வரை, கூச்சமில்லாமல், நல்ல வக்கீல் வைத்துச் சொன்னார்கள். தீர்ப்பு 2018 ஆகஸ்டில் பள்ளிக்கு எதிராக 4க்கு 2 என்று வந்தது. அந்த இரண்டு நீதிபதிகளின் வீட்டு விருந்துக்கு நான் போகப்போவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்ன நம் பாட்டிமார் ஒஹாயோவைப் பார்த்ததில்லை. அங்கே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு மட்டும்தான் உதவாது.

தீர்ப்புக்கு முன்பே, 2018 ஜனவரியில், கல்வி ஆண்டின் நட்டநடுவில் பள்ளி மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில். ‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்’. வராத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை. உண்மையிலேயே உட்கார்ந்து படித்த பிள்ளைகளைச் சொல்கிறேன். நோயால், கேலியால், கைக்குழந்தையால் வகுப்பறைக்குப் போக முடியாமல் அந்தத் திரையை நம்பியவர்கள். மாற்றுக் கல்வி அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

கலிஃபோர்னியாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஏ3 என்ற கம்பெனியின் இணையவழிப் பள்ளிகள், மாநிலத்திடமிருந்து 40 கோடி டாலருக்கு மேல் வாங்கின. சான் டியேகோ அரசு வழக்கறிஞர் 2019இல் பதினொரு பேர்மேல் குற்றம் சாட்டினார். கோடை விடுமுறையில் பந்து விளையாடும் பிள்ளைகளின் பெயர்களை விளையாட்டுக் குழுக்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி மாணவர் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது வழக்கு. தாங்கள் ஒரு பள்ளியில் படிக்கிறோம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. கோல் அடித்த பையனுக்கு அந்த நேரத்தில் தான் கணக்குப் பாடத்தில் ‘பிரசண்ட்’ என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் டிஸ்ட்ரிக்ட் வருகிறது. இம்மாதிரிப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்து மேற்பார்க்க வேண்டியது உள்ளூர் டிஸ்ட்ரிக்ட். அனுமதித்தவற்றில் ஒன்று, தன்னிடம் சுமார் 150 மாணவர்களே உள்ள குட்டி டிஸ்ட்ரிக்ட். அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காட்டிய பள்ளிகளை மேற்பார்த்தது, அதற்கு மேற்பார்வைக் கட்டணமும் வாங்கியது. கட்டணம் ஒழுங்காக வந்தது. பார்வை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முக்கியப் புள்ளிகள் இருவர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பணத்தில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் அவர்கள் இருந்தது வீட்டுக்காவலில். வீட்டிலிருந்தே படிப்பு என்று விற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே காவல். மாற்று வழிச் சிறை.

தலைநகர் வாஷிங்டன் பின்தங்கிவிட முடியுமா? 2017இல் பலூ உயர்நிலைப் பள்ளியில் இறுதியாண்டு மாணவர்கள் அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கொண்டாட்டம். பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த வருடம் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கே வரவில்லை என்று வானொலி நிருபர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு நகரம் முழுக்கத் தணிக்கை. அந்த ஆண்டு பட்டம் பெற்ற 2,758 பேரில் 937 பேர் விதியை மீறித் தேர்ச்சி காட்டப்பட்டவர்கள்.   நம் வகுப்பில் நண்பனுக்காகக் குரல் மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொல்லிப் பிரம்படி வாங்கிய பையன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்கள் தொழிலை இங்கே மேலிடமே எடுத்துக்கொண்டது.

கோவிட் வந்து போனபின் நிலைமை இன்னும் மோசம். பத்தில் ஒரு பங்கு நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் 2018–19இல் நாட்டில் 15 சதவீதம், 2021–22இல் 28 சதவீதம். இப்போது டிஸ்ட்ரிக்டுகள் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன. சில இடங்களில் கையில் அரிசி பருப்போடும் போகிறார்கள், அவர்களை நான் கும்பிடுகிறேன். கையில் சம்மனோடு போகிறவர்கள் கதவு திறந்ததும் முதலில் அலமாரியைப் பார்க்கட்டும். துவைத்த துணி எத்தனை என்று எண்ணட்டும். எண்ணுவதில்தான் கெட்டிக்காரர்களாயிற்றே.

பெர்க்ஸ் கவுண்டி அம்மாவை விட்டுவிட்டு வந்துவிட்டேன். சிறையில் வருகைப் பதிவு மிகச் சுத்தம். அங்கே பீட்சா கொடுத்து யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, கம்பிக்குப் பின்னால் இருக்கிற தலையை நேரத்துக்கு நேரம் எண்ணிக்கொள்ளலாம். 48 மணி நேரத்தில் பாதி போயிருந்தது. சனிக்கிழமை அவர் செத்துக் கிடந்தார். மீதிப் பாதிக்கு ஆப்சென்ட்.