காருக்கு நூறு, தலைக்கு ஆயிரம்

அனுப்புநர்: ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்று யோசிக்கும் குடிமகன், மதுரை.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.

பொருள்: அபராதத்தை முன்கூட்டியே செலுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பெட்ரோல் மிச்சமாகும், ஹைப்ரிட் வாங்குங்கள் என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. சரி, எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். 4 மீட்டரைத் தாண்டிய ஹைப்ரிட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மின்சாரக் காருக்கு வெறும் 5. ஹைப்ரிட்டுக்கு அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி வேறு. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். பங்க்கில் நான் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடிக்கப்போவதை ஷோரூமிலேயே மொத்தமாகக் கறந்துவிடுகிறீர்கள். எனக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தை விடுங்கள், பாதுகாப்புக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உங்கள் ரீகால் விதியைப் படித்தேன். வண்டியில் குறை இருந்தால், புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்ட பிறகு நீங்கள் அசைந்து கொடுப்பீர்கள். பிரேக் பிடிக்காத வண்டிக்காரர் எந்த வார்டில் படுத்திருந்தாலும் எழுந்து வந்து இணையதளத்தில் புகாரைப் பதிந்தாக வேண்டும். கடமை என்றால் கடமைதான்.

அதிலும் வண்டிக்கு 7 வயது ஆகிவிட்டால் உங்கள் விதி அதைத் திரும்பிப் பார்க்காது. டொயோட்டாவின் கதை உங்கள் கோப்புக்கு வந்ததா, தெரியவில்லை. இன்வெர்ட்டர் கோளாறுக்காக 2014இல் 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மென்பொருளை மாற்றி அனுப்பினார்கள். அந்த வைத்தியமும் போதவில்லை, ஓடும்போதே வண்டி நின்றுவிடலாம் என்று 2018இல் மறுபடி 24 லட்சம் ஹைப்ரிட்களை அழைத்தார்கள். அவற்றில் 2008இல் தயாரானவையும் உண்டு. அதாவது பத்து வயது வண்டிகள்! இங்கே என்றால் அவற்றுக்கு எப்போதோ திதி கொடுத்திருப்பீர்கள். இத்தனைக்கும் அதே நிறுவனம் இந்தியாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விற்கிறவருக்கு இருக்கும் நம்பிக்கை வரி வாங்குகிறவருக்கு ஓராண்டு முன்னதாகவே தீர்ந்துபோகிறது.

அபராதப் பகுதியைத்தான் இரண்டு முறை படித்தேன். 1 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்கும்படி நீங்களே உத்தரவிட நேர்ந்தால், நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய். உச்சம் அதுதான். வகுத்துப் பார்த்தால் காருக்கு 100 ரூபாய்கூடத் தேறாது. ஹெல்மெட் போடாமல் பால் வாங்கப் போனால் எனக்கு 1000 ரூபாய். இரண்டுக்கும் வேர் 2019இன் அதே சட்டத் திருத்தம். என் மண்டை ஒரு காரைவிடப் பத்து மடங்கு உசத்தி என்று எந்த அரசும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. மிக்க நன்றி.

நியாயமாகவும் சொல்ல வேண்டும்: பெட்ரோல் அளவு காட்டியில் கோளாறு இருக்கலாம் என்று 2025 நவம்பரில் 39,506 கிராண்ட் விட்டாராக்களை மாருதி தானாகவே திரும்ப அழைத்தது. நம் ஊரில் ரீகால் பெரும்பாலும் இப்படி நிறுவனம் மனம் வைத்தால்தான்.

ஒரே ஒரு விண்ணப்பம். ஆயுள் வரியை 15 ஆண்டுக்குக் கட்டுகிறேன், உங்கள் அக்கறை 7இல் முடிகிறது. மீதி 8 ஆண்டுக்கான வரியைத் திருப்பித் தர வழி உண்டா? அது மாநில அரசின் கணக்கு என்று பதில் வரும். மாநில அரசைக் கேட்டால் ரீகால் உங்கள் கணக்கு என்பார்கள். ஆகவே யாருக்கும் சிரமம் தராமல் நானே முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வரி செலுத்துநர்.

இணைப்பு: நூறு ரூபாய்த் தாள் ஒன்று. நான் வாங்கப்போகும் காரில் குறை இருந்தால், நிறுவனத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும். ரசீது வேண்டாம்.