காத்தாடியைப் போடாதே!

கிள்ளான், மேரு பக்கத்து வரிசை வீடுகளில் ஒன்றில், நட்ட நடுப்பகலில் ஜன்னலெல்லாம் கறுப்புக் குப்பைப் பை ஒட்டி, காத்தாடி ஓடாமல், உள்ளே விளக்கு மட்டும் எரிந்தால் சந்தேகப்பட இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஏதோ கள்ள வேலை நடக்கிறது. இரண்டு, அங்கே ஓர் அனிமேஷன் அங்கிள் குடியிருக்கிறார். முதலாவதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு இந்த நாட்டில் இன்னும் சட்டம் வரவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தவர். ஊசிமுனை ஓட்டையைத் தேடித் தேடியே கண்ணைத் தீட்டிக்கொண்டவர். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே வீட்டுக்குள் உட்கார்ந்தபோது, மற்றவர்கள் கேக் சுடப் பழகினார்கள். இவர் மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். இம்மி இம்மியாக நகர்த்தினார். நகர்த்தும்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு படம் பிடித்தார். ஓட்டிப் பார்த்தால் பழம் தானாக உருண்டு மேசை விளிம்பில் வந்து நின்றது! அன்றைக்கு விழுந்தவர்தான். கட்டுப்பாடு நீங்கி ஊரே வெளியே வந்துவிட்டது, இவர் வரவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விநாடிக்கு 24 படம் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டி ஏமாற்றினால் 12 போதும். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு 720. காகிதத்தை வெட்டி அடுக்கிவைத்த நேரத்தில் யாராவது காத்தாடியைப் போட்டால் அவ்வளவுதான், கதாநாயகனின் தலை சமையலறைக்குப் போய்விடும். ஆகவே வீட்டில் காத்தாடிக்குத் தடை. மேகம் போய் வெயில் வந்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறித் திரை மினுங்கும். ஆகவே ஜன்னலுக்கும் தடை. கிள்ளான் வெயிலில் இப்படி ஒரு வீட்டில் குடித்தனம் நடத்தும் அம்மாவுக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். "என்னாங்க, காத்தாடிய ஒரு நம்பர்லயாவது போடவா?" என்று கேட்டுக் கேட்டு அவர் ஓய்ந்துவிட்டார்.

வீட்டில் ஒரேயொரு மேசைக் காத்தாடி ஓடுகிறது. அதற்கு இறக்கை கிடையாது. இறக்கையைக் கழற்றிவிட்டு, நடக்கும் யானையைப் பன்னிரண்டு நிலைகளில் வரைந்த அட்டை வட்டை மாட்டியிருக்கிறார். இப்படிச் சுழலும் வட்டை 1832-லேயே பெல்ஜியத்து ஜோசப் பிளாத்தோ செய்துவிட்டாராம். வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ சுற்றும். கைப்பேசிக் கேமரா வழியாகப் பார்த்தால் யானை நடக்கும். வியர்வையில் நனைந்தபடி, காற்று வராத காத்தாடியைக் கைப்பேசியில் பார்க்கும் விருந்தாளிகளை அந்த வீட்டில் சாதாரணமாகக் காணலாம்.

தீபாவளி நெருங்கினால் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் போடுவார்கள் அல்லவா? அங்கிளும் போடுவார், ஒரு பிடி அரிசிக்கு ஒரு படம் என்று. பாதி மயில் வந்ததும் எறும்பு வரிசை தோகையிலிருந்து அரிசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். பேரப்பிள்ளையின் கை ஒரு படத்தில் விழுந்திருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால் முகம் சுளிக்க மாட்டார். "அது எக்ஸ்பெரிமெண்டல்" என்பார். கை நடுங்கினாலும், விளக்கு அணைந்தாலும், கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் எக்ஸ்பெரிமெண்டல்தான். இத்தனை வசதியான கலை வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மழை விட்ட இரவில் விளக்கடியில் ஈசல் கொட்டும். அம்மா விளக்குமாற்றை எடுத்ததும் உள்ளிருந்து ஓர் அலறல்: "கூட்டாத! எனக்கு இறக்கை வேணும்!" அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் என்பவர் 1963-ல் விட்டில் இறக்கைகளை ஒட்டுநாடாவில் பதித்து, கேமராவே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். கனடாவில் நார்மன் மெக்லாரன் பிலிம் சுருளிலேயே பேனாவால் வரைந்தார். ஒலியைக்கூட அதன் ஓரத்தில் கோடு கோடாக வரைந்தார். இருவரையும் அங்கிள் பெரியப்பா, சித்தப்பா போலத்தான் பேசுவார். அம்மாவுக்கு இருவர்மேலும் கோபம்.

உறவுக்காரர்களுக்குக் கேட்க ஒரே கேள்விதான். "உப்பின் இப்பின் மாதிரி செஞ்சா காசு பாக்கலாம்லா?" 2007-லிருந்து ஓடும் தொடர்; அதில் ராஜூ என்று நம் பையனும் வருகிறான், மாட்டோடு. அங்கிள் பதில் சொல்லமாட்டார். எழுந்து போய், மனத்தில் மாலை போட்டு வைத்திருக்கும் பெயரை எடுப்பார்: ஆனந்தம் சேவியர். பிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர். மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' அவர் கைவண்ணம். சருகுமான் கதை. உருவானது 1978, மக்கள் கண்ணுக்கு வந்தது 1983. இந்த ஐந்து வருட இடைவெளிதான் அங்கிளின் சொத்து. தண்ணீர்க் குழாய் இன்னும் ஒழுகுகிறதே என்றாலும், காடிக்குச் சாலை வரி கட்டவில்லையே என்றாலும், "ஆனந்தம் சேவியர் படமே அஞ்சு வருசம் காத்திருந்துச்சு" என்று ஒரே போடு.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் படம் திரையிடுவார். தோட்டத்துத் திடலில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டிய காலத்து ஞாபகத்தில், சுவரில் வேட்டி தொங்கும். விளக்கை அணைப்பார். முன்னுரை இருபது நிமிடம். படம் ஒன்பது விநாடி. முறுக்கை எடுக்கக் குனிந்தவர் நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. "இன்னொரு தடவ போடுங்க அங்கிள்" என்று மரியாதைக்குச் சொன்ன பையன் அன்றிரவு பத்தரை மணிக்குத்தான் வீடு போய்ச் சேர்ந்தான்.

என் கணிப்பைச் சொல்கிறேன்: இவருக்குப் படம் முடிவதில் விருப்பமே இல்லை. முடிந்தால் பேரங்காடிக்குப் போகவேண்டும், குழாயைப் பார்க்கவேண்டும். எலுமிச்சம்பழம் அடுத்த இம்மி நகர்வதற்கு முந்தைய அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்கமுடியாது. முப்பது வருடம் மற்றவர் போட்ட வேகத்தில் ஓடிய தொழிற்சாலை வார்ப்பட்டையின் பக்கத்தில் நின்றவருக்கு, தான் தொட்டால் மட்டும் நகரும் ஓர் உலகம் கிடைத்திருக்கிறது. விடுவாரா?

போன மாதம் குப்பைப் பை ஒட்டிய ஜன்னலைப் பற்றிப் புகார் போய், ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கஞ்சாச் செடியைத் தேடி வந்தவர்களை உட்காரவைத்து, ஈசல் படத்தையும் யானையையும் காட்டியிருக்கிறார். இருவர் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாமவர் மட்டும் உண்மையாகவே மயங்கிவிட்டார்.

"அண்ணே, என் மக கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் அழைப்பிதழ் ஒண்ணு இதே மாதிரி செஞ்சு தாங்க. முப்பது செகண்டு போதும். என்ன செலவோ வெள்ளியக் கொடுத்திர்றேன்."

அங்கிள் விரல்விட்டு எண்ணினார். 360 படம். "கல்யாணம் எப்போ?"

"ஆவணியில."

"எந்த ஆவணி?"

"இந்த ஆவணிதாண்ணே. மண்டபம்லாம் புக் பண்ணியாச்சு."

அங்கிள் முகத்தில் உண்மையான வருத்தம் படர்ந்தது. "மாப்பிள்ள வீட்ல கொஞ்சம் பேசிப் பாக்குறீங்களா?"